பதிவுகள் எதுவும் இல்லை

என் கைப்பையின் உள்ளறையில் ஒரு லஞ்ச் சீற் நான்காக மடித்தபடி இருக்கிறது. சோற்றுப் பொதி கட்டுகிற அதே மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குறிகட்டுவானில் படகேறியதும் செய்கிற முதல் வேலை, கைபேசியை இப்படி ஒரு தாளில் சுற்றி றப்பர் பான்ட் போடுவது. ஒரு மணி நேர ஓட்டத்தில் பக்கவாட்டாக அடிக்கும் உப்புத்தண்ணீர் எந்தப் பைக்குள்ளும் வழி கண்டுபிடித்து நுழையும். எனக்கென்று ஒன்று, பக்கத்தில் இருப்பவர் கேட்டால் கொடுக்க இன்னொன்று என்று இரண்டு தாள் கொண்டுபோவது என் பழக்கம். நான் சொல்லும் இந்தத் தாள் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஆனால் இதை யாருக்கும் கொடுத்ததில்லை. ஏன் என்று சொல்வதற்கு நான் எங்கள் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாண நகரில் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கிய சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு அவர்தான் தலைவர். லண்டனில் நீண்ட காலம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். எல்லோருக்கும் முன்னால் வந்து கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, எல்லோருக்கும் பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு போகிறவர். நேர்முகத் தேர்வில் என் தகப்பனாரின் தொழிலைக் கேட்டார். மாடு பார்க்கிறவர் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கணினியைத் தள்ளி வைத்து, "எழுதிக் காட்டும்" என்றார். எழுதிக் காட்டினேன். அன்றே வேலை கிடைத்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும், சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா பள்ளிக்கூடத்தின் மதிலைத்தான் கண்டவர். அம்மா இரண்டாம் ஆண்டோடு நின்றவர். நான் பல்கலைக்கழகத்தில் கணினி படித்து முடித்தபோது, அதனால் என்ன பயன் என்று அவர்களுக்கு விளங்கப்படுத்த எனக்கு இரண்டு நாள் எடுத்தது. கடைசியில் அப்பா, "சரி, கண்ணுக்குத் தெரியாத மாடு மேய்க்கிறாய்" என்றார். எனக்கு அது பிடித்துவிட்டது.

சேரிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. இணைய நியமங்கள் என்று உலகத்தார் கூடி எழுதி வைத்த விதிகளைப் பின்பற்றி ஒரு பக்கத்தை ஒருமுறை செய்துவிட்டால் போதும், அது எந்த நாட்டிலும், எந்தக் கைபேசியிலும், எந்த உலாவியிலும் ஒரே மாதிரி ஓடும். ஆகவே எந்த வேலைக்கும் அது ஒன்றே போதும். கைபேசிக்கென்று தனியாகச் செயலி எழுதுவது பழைய புத்தி. "உலாவி இருக்கிற இடமெல்லாம் எங்கட வீடு" என்பார். சந்தேகம் கேட்டால், "நியமத்தில இருக்கு" என்பார். அதற்கு மேல் கேள்வி கிடையாது. வாசிக்கிற காரியத்துக்கு அவர் சொன்னது உண்மை. ஒரு செய்தியையோ படகு நேரத்தையோ பார்க்க உலாவியைப் போல வசதி வேறில்லை. ஆனால் ஒருத்தி வெயிலில் நின்று பத்து விரலாலும் செய்கிற வேலையை அதற்குள் வைத்தால் என்ன நடக்கும் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வி எங்கள் ஊரிலிருந்து வந்தது.

நெடுந்தீவு மாடுகள் தென்புறத்துப் புல்வெளியில் அவிழ்த்துவிட்டபடி திரிபவை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு. இரும்பைக் காய்ச்சிக் கன்றின் தொடையில் அந்தக் குறியைச் சுட்டுவிட்டால், பிறகு அந்த மாடு எங்கே மேய்ந்தாலும் யாருடையது என்பதில் வழக்கில்லை. ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத அப்பா, ஊரிலுள்ள அத்தனை குறிகளையும் நூறு மீற்றர் தூரத்தில் வைத்தே வாசிப்பார். இந்தக் குறிகளையெல்லாம் உரிமையாளர் பெயரோடு பதிந்து தரும் வேலைதான் எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஊசி போடவும், வறட்சியில் செத்த மாடு யாருடையது என்று காட்டவும் மிருக வைத்தியருக்கு அந்தப் பதிவு தேவைப்பட்டது.

முதல் கூட்டத்திலேயே நான் எழும்பிச் சொன்னேன்: "சேர், எங்கட ஊரில இருக்கிற போன் எல்லாம் கனடாவிலயும் சுவிஸிலயும் அண்ணன்மார் பாவிச்சுக் களைச்சு அனுப்பினது. அதுகளின்ர உலாவி ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி. புல்வெளிப் பக்கம் கவரேஜும் இல்லை. போனுக்கெண்டே ஒரு செயலி எழுதுவம்."

சேர் சிரித்தார். "பிள்ளை, நீர் இன்னும் தோணியில நிண்டுகொண்டு யோசிக்கிறீர். போனுக்கு ஒரு செயலி எழுதிறதெண்டால், தீவுக்கு ஒரு கடல் வெட்டிற மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் தோணி. "தோணி சாப்பிட்டுதோ?", "தோணி லேற்." நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்த ஒவ்வொரு முறையையும் நினைவில் வைத்திருக்கிறேன்.

குறிகளைப் பதிவதற்குத் தற்காலிக வேலையில் அமர்த்தப்பட்டவர் எங்கள் ஊர் அக்கா ஒருவர். கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள். இந்த வேலையைச் சரியாக முடித்தால் மிருக வைத்தியரின் அலுவலகத்தில் நிரந்தரமாக எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவரிடம் இருந்ததும் கனடாவிலிருந்து தமையன் அனுப்பிய பழைய கைபேசிதான். மாட்டைப் படம் எடுத்து, குறியை விரலால் திரையில் வரைந்து, சொந்தக்காரரின் பெயரை எழுத வேண்டும். எங்கள் அலுவலகக் கைபேசிகளில் அது அழகாக வேலை செய்தது. அக்காவின் கைபேசியில் இடது ஓரத்திலிருந்து கோடு இழுத்தால் உலாவி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு முந்திய பக்கத்துக்குப் போய்விடும். வரைந்தது போய்விடும். நியமத்தில் வரைபலகை இருந்தது உண்மை. அந்த ஓரத்தின் உரிமை உலாவிக்காரனிடம் இருந்தது. அக்கா ஒரு துண்டு மருந்துப் பிளாஸ்டரை இடது ஓரம் முழுக்க ஒட்டிவிட்டு, "இது வேலி. இதைத் தாண்டினால் மாடு ஓடிப்போடும்" என்றார்.

எனக்கு உறுத்தியது அதைவிடப் பெரியது. கவரேஜ் இல்லாத இடத்தில் பதிகிறவை உலாவியின் சேமிப்பில்தான் கிடக்கும். பிறகு இறங்குதுறைப் பக்கம் வந்து, பக்கத்தைத் திறந்து, திரை அணையாமல் பிடித்துக்கொண்டு நின்றால்தான் எங்கள் கணினிக்கு வந்து சேரும். அதே வகைக் கைபேசி ஒன்றை எடுத்து, பத்துப் பதிவுகள் போட்டு, அந்தப் பக்கத்தைத் தொடாமல் விட்டு, மற்றத் தேவைகளுக்கு உலாவியைத் தினமும் பாவித்தேன். எட்டாம் நாள் திறந்தபோது சேமிப்பு வெறுமையாக இருந்தது. உலாவியைப் பாவித்த ஏழு நாளில் தொடாத பக்கங்கள் சேமித்ததை அந்த உலாவி துடைத்துவிடும். ஆட்களை வேவு பார்க்கும் விளம்பரங்களைத் தடுக்க அதைச் செய்தவர்கள் வைத்த ஏற்பாடு அது. நல்ல நோக்கம்தான். ஆனால் நாங்கள் அடுத்தவர் வீட்டு அலுமாரிக்குள் எங்கள் நகையை வைத்திருந்தோம், வீட்டுக்காரர் கூட்டித் துடைக்கிற நாள் எதுவென்று எங்களைக் கேட்கமாட்டார். இரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதி, திகதியிட்டு, மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அச்செடுத்தும் சேரின் மேசையில் வைத்தேன். ஒரு கிழமை கழித்துக் கேட்டேன். "சேமிப்பு நியமத்தில இருக்குத்தானே, பிள்ளை" என்றார். தாள் வைத்த இடத்திலேயே கிடந்தது. அதன்மேல் தேநீர்க் கோப்பையின் வட்டம்.

அக்கா இரண்டு கிழமையாகப் புல்வெளியில் நின்று நூற்று முப்பதுக்கு மேற்பட்ட குறிகளைப் பதிந்திருந்தார். மறுநாள் இறங்குதுறைக்குப் போய் அனுப்ப இருந்தவருக்கு அன்று மாலையே காய்ச்சல். அடுத்த நாள் கொப்புளம். அம்மை நோய்; எங்கள் ஊரில் அதற்கு அம்மாள் வருத்தம் என்று பெயர். வாசல் படலையில் வேப்பிலை கட்டிவிட்டால் மூன்றாம் தண்ணீர் வார்க்கும் வரை அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வெளியே போகமாட்டார்கள், ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். அக்கா வேப்பிலையில் படுத்திருந்தார். அம்மாள் வந்திருக்கும்போது அலுவலக வேலையைத் தொடுவது மரியாதையில்லை என்று கைபேசியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். வீட்டுக்குள் வருகிற கொஞ்சக் கவரேஜில் பிள்ளைகள் தினமும் அதே உலாவியில் பழைய வினாத்தாள்கள் பார்த்தார்கள். பன்னிரண்டாம் நாள் அக்கா தலை முழுகி, குறிகட்டுவானுக்கு வந்து, அங்கே காத்திருந்த என் முன்னால் லஞ்ச் சீற்றை அவிழ்த்து, கைபேசியைத் திறந்தார்.

"பதிவுகள் எதுவும் இல்லை. முதலாவது பதிவைத் தொடங்குங்கள்."

அந்த இரண்டு வசனங்களையும் தமிழில் எழுதியது நான்தான். மரியாதையாக இருக்கட்டும் என்று 'தொடங்குங்கள்' போட்டிருந்தேன்.

"தங்கச்சி, நான் ஒரு பட்டனும் அமத்தேல்லை" என்றார் அக்கா. முகத்தில் கொப்புள வடுக்கள் இன்னும் கறுப்பாக இருந்தன. "சத்தியமா ஒண்டும் அமத்தேல்லை."

சேர் கேள்விப்பட்டதும் சொன்னது ஒரே வசனம்: "மனுசி எதையோ அமத்தியிருப்பா." அதையே கடிதமாக மிருக வைத்தியருக்கு அனுப்ப வேண்டும் என்றார். அவருக்குத் தமிழில் எழுத வராது. அலுவலகத்தின் தமிழெல்லாம் என் வேலை. நான் அறிக்கையை நினைவுபடுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தோணியை ஒருக்காக் கரையில கட்டிப்போட்டு, சொன்னதை எழுதும்" என்றார். நான் எழுதினேன். 'களப் பதிவாளரின் கவனக்குறைவால்' என்று தொடங்கும் அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்துப்பிழை கிடையாது. படித்த பிள்ளையின் கடிதம். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வேன் என்ற பயத்தில் எழுதினேன். அதை நான் அவருக்கும் மன்னிக்கவில்லை, எனக்கும் மன்னிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய் அக்காவின் வீட்டுப் படலையில் நின்றேன். வேலையை நிற்பாட்டப் போவதாக அவருக்கு அறிவித்தல் வந்திருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்:

"கடிதம் நீர் எழுதினதெண்டு தெரியும். உங்கட சேருக்கு உப்பிடித் தமிழ் வராது."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி தந்தார். குடித்து முடித்துவிட்டு, உலாவி எப்படித் துடைத்தது என்று சொன்னேன். கவனமாகக் கேட்டார். கடைசியில், "அப்ப அந்த மனுசன் தன்ர கையால பதிஞ்சாலும் துடைக்குமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

அக்கா சிரிக்கத் தொடங்கினார். அம்மாள் போட்ட வடுக்களோடு அப்படி ஒருவர் சிரித்து நான் கண்டதில்லை.

திங்கட்கிழமை சேரிடம் போய், பணிவாகச் சொன்னேன்: "சேர், நீங்களே வந்து அந்த அக்காவின்ர போனில பதிஞ்சு காட்டினால் ஒருத்தரும் கதைக்க மாட்டினம். அவ படுத்திருந்த மாதிரிப் பன்னிரண்டு நாள் விட்டிட்டு, வைத்தியருக்கு முன்னால திறப்பம்."

"பன்னிரண்டு வருசம் விட்டாலும் இருக்கும்" என்றார். செய்து காட்டுவது அவருக்குப் பிடிக்கும். நான் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டாம் முறை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சேர் வெள்ளைச் சப்பாத்தோடு புல்வெளிக்கு வந்தார். மிருக வைத்தியரும் கூட வந்திருந்தார். அப்பா மாடுகளை வளைத்து நிறுத்தினார். சேர் திரையில் விரலை வைத்தபோது அக்கா பதறி, "சேர், அந்தக் கரையில வையாதேங்கோ, பக்கம் ஓடிப்போடும்" என்றார். சேர் பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு, கையைத் தள்ளி வைத்து வரைந்தார். பதினொரு குறிகள். நாலாவது எங்கள் வீட்டுக் குறி. ஒவ்வொன்றையும் வைத்தியர் தாளில் எழுத, சேர் அடியில் கையொப்பம் வைத்தார். நான் என் கைபேசியில் படம் எடுத்தேன். எங்கள் சிவப்புப் பசுவின் பக்கத்தில் அவர் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். பிள்ளைகள் வழக்கம்போல வினாத்தாள் பார்க்கட்டும், எங்கள் பக்கத்தை மட்டும் திறக்க வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் பேசிக்கொண்டோம்.

பன்னிரண்டாம் நாள் நெடுந்தீவில் வைத்தியரின் மேசையில் கைபேசியை வைத்தோம். சேர் தன் கையால் திறந்தார். என்னுடைய இரண்டு வசனங்கள் வந்தன. அவர் திரும்பத் திறந்தார். கவரேஜ் பிரச்சினை என்றார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திறந்தார். அப்போது அக்கா, மிகவும் மரியாதையாக, தலையை ஒரு பக்கம் சரித்துச் சொன்னார்:

"சேர், நீங்கள் எதையோ அமத்தியிருப்பியள்."

வைத்தியர் சிரிப்பை அடக்க மேசையில் கிடந்த கோப்பொன்றைப் புரட்டினார். நான் தேநீர் வட்டம் விழுந்த அறிக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதைச் சேரின் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் திகதியைப் பார்த்தார், வாசித்தார், பிறகு சேரிடம் நீட்டினார். சேர் அதை முதல்முறையாக வாசித்தார்.

"உமக்கு இது தெரியுமோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் சேர். எழுதித் தந்தனான்."

"நியமத்தில..." என்று தொடங்கி, நிறுத்திவிட்டார். அவர் அந்த வசனத்தை முடிக்காமல் விட்டதை நான் கண்டது அந்த ஒருமுறைதான். அது எனக்கு இனித்தது. இப்போதும் இனிக்கிறது.

திரும்பும்போது கடல் கொந்தளிப்பு. படகில் சேர் எனக்கு முன்னிருக்கையில் இருந்தார். அலை அடிக்க அடிக்கத் தன் விலையுயர்ந்த கைபேசியைச் சட்டைக்குள் மறைத்தார், பிறகு மடியில், பிறகு இரண்டு கைகளுக்குள். வெள்ளைச் சப்பாத்து நனைந்துபோயிருந்தது. திரும்பி, "பிள்ளை, இதைச் சுத்த ஏதும் வச்சிருக்கிறீரோ?" என்று கேட்டார். என் கைப்பையில் இரண்டாவது லஞ்ச் சீற் இருந்தது. பையின் மேல் என் கை இருந்தது.

"இல்லை, சேர்" என்றேன்.

கடிதம் மீளப் பெறப்பட்டது. அக்காவுக்கு வேலை நிரந்தரமானது. நான் விலகி, அக்காவின் கைபேசிக்கும் மற்ற வகைக் கைபேசிகளுக்கும் தனித்தனியாகச் செயலி எழுதினேன். குறிகளை அக்கா திரும்பப் பதிந்தார். இம்முறை ஒன்றும் போகவில்லை. அதற்காக என் வழி சுகமான வழி என்று சொல்லமாட்டேன். கைபேசிக்காரர்கள் வருடா வருடம் எதையாவது மாற்றுவார்கள், நான் செயலியைப் புதுப்பிக்க வேண்டும். ஒருமுறை அவர்களுடைய கடையிலிருந்து என் செயலியைக் காரணம் சொல்லாமல் தூக்கிவிட்டார்கள், திரும்ப ஏற்ற மூன்று கிழமை கெஞ்சினேன். அந்த மூன்று கிழமையும் சேரின் குரல் என் காதில் கேட்டது. அவர் சொன்னதில் பாதி சரி. எல்லோருக்கும் பொதுவான ஒரு வீடு இருந்தால் நல்லதுதான். ஆனால் அந்த வீட்டைப் பூட்டித் திறக்கிற திறப்பு எங்கள் கையில் இருப்பதாக அவர் எங்களுக்குச் சொன்னார். அது இல்லையென்று தெரிந்த நாளில், திறப்பைத் தொலைத்தது அக்கா என்றார். அவருடைய கருத்தோடு எனக்கு வழக்கு இல்லை. அந்த இரண்டாவது வசனத்தோடுதான் வழக்கு.

போன மாதம் அவர் வெளிநாட்டில் ஒரு மேடையில் பேசிய காணொளியை யாரோ அனுப்பியிருந்தார்கள். உலகத்தின் எந்த மூலையிலும் நியமங்கள் வேலை செய்யும் என்கிறார். பின்னால் பெரிய திரையில் ஒரு படம் வருகிறது. நான் எடுத்த படம். எங்கள் சிவப்புப் பசு, அதன் பக்கத்தில் கைபேசியோடு சிரிக்கும் சேர். சபை கைதட்டுகிறது. அப்பாவுக்குக் காட்டினேன். அவர் சேரைப் பார்க்கவில்லை. திரைக்குக் கிட்டக் குனிந்து, பசுவின் தொடையைப் பார்த்து, "அது எங்கட மாடு" என்றார். அவ்வளவு தூரம் போயும், அவ்வளவு சிறிதாகியும், சுட்ட குறி இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து திரும்பும்போது கடல் அன்று மாதிரியே இருந்தது. பக்கத்திலிருந்த பெண் கைபேசியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினாள். என் கைபேசியைச் சுற்றியிருந்த தாளை அவிழ்த்து அவளிடம் கொடுத்துவிட்டு, என்னுடையதைச் சேலைத் தலைப்பில் பொத்திக்கொண்டேன். பை திறந்திருந்தது.

"அக்கா, உங்களிட்ட இன்னொண்டு இருக்குதே. அதைச் சுத்துங்கோவன்" என்றாள்.

"அது ஒராளுக்கெண்டு வச்சது" என்றேன்.

"குடுக்கவோ?"

"இல்லை" என்று சொல்லிப் பையை மூடினேன்.